விடுதிச் சேதக் கணக்கும் மில் சட்டமும்

நெசவு மில்லில் ஒரு தொழிலாளி துணியைக் கெடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். 1936-க்கு முன்னால் மேலாளர் நினைத்த தொகையை அவர் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம், கேட்க நாதியில்லை. கெட்டுப்போன துணியை நெசவாளி தலையிலேயே கட்டி, அதன் விலையைக் கூலியில் கழிக்கும் வழக்கம் பம்பாய் ஆலைகளில் இருந்தது. 1929-ல் அமைக்கப்பட்ட விட்லி ஆணையம் ஊர் ஊராகச் சென்று இதுபோன்ற புகார்களைக் கேட்டது. அதன் தொடர்ச்சியாக 1936-ல் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் வந்தது. பைகாரா மின்சாரம் கிடைத்துக் கோவையில் மில்கள் வரிசையாக எழும்பிக்கொண்டிருந்த காலம் அது.

அந்தச் சட்டம் சேதப் பிடித்தத்துக்குப் போட்ட நிபந்தனைகள் எளிமையானவை. அந்தப் பொருள் குறிப்பாக அந்தத் தொழிலாளியிடம் ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். சேதம் அவருடைய கவனக்குறைவால் நேரடியாக வந்ததாக இருக்க வேண்டும். பிடிக்கும் தொகை சேதத்தின் மதிப்பைத் தாண்டக் கூடாது. பிடிப்பதற்கு முன் அவர் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். பிடித்ததைப் பதிவேட்டில் எழுத வேண்டும். அபராதத்துக்குத் தனிப் பிரிவு. எந்தெந்தக் குற்றத்துக்கு அபராதம் என்று முன்கூட்டியே அறிவிப்பு ஒட்டியிருக்க வேண்டும். அன்று ரூபாய்க்கு அரை அணா, பின்னாளில் சம்பளத்தில் 3 விழுக்காடு என்று உச்சவரம்பு இருந்தது. வசூலான பணம் தொழிலாளர்களின் நலனுக்கு மட்டுமே செலவாக வேண்டும். 2019-ல் நிறைவேறிய ஊதியச் சட்டத் தொகுப்பும் இந்த விதிகளின் சாரத்தை அப்படியே வைத்துக்கொண்டது.

கொங்கு நாட்டுக் கல்லூரிகள் பலவும் மில் பணத்தில் முளைத்தவை. பீளமேட்டில் பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு மகன்கள் குடும்பச் சொத்தை ஐந்தாகப் பிரித்து, ஐந்தாவது பங்கை அறத்துக்கென்று ஒதுக்கி 1926-ல் அறக்கட்டளை தொடங்கினார்கள், 1951-ல் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி வந்தது. 1984-ல் தொடங்கிய குமரகுரு கல்லூரிக்குப் பின்னால் சக்தி குழுமம், 1996-ல் சத்தியமங்கலத்தில் தொடங்கிய பண்ணாரி அம்மன் கல்லூரிக்குப் பின்னால் சர்க்கரையும் நூலும் உற்பத்தி செய்த குழுமம். இந்தப் பெயர்களை வரலாற்றுக்காகச் சொல்கிறேன்; கீழே வரும் குறைகள் எந்தத் தனிக் கல்லூரியையும் குறித்தவை அல்ல. நான் கேட்க விரும்பும் கேள்வி ஒன்றுதான். மில் தொழிலாளிக்கு 90 ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்த பாதுகாப்பு, மில் முதலாளிகள் தொடங்கிவைத்த கல்வி மரபில் படிக்கும் விடுதி மாணவருக்கு ஏன் இன்னும் கிடைக்கவில்லை?

மே மாதம் விடுதிகளில் நடப்பது இந்தப் பக்கத்தில் படித்த எல்லோருக்கும் தெரியும். கடைசித் தேர்வு முடிகிறது. கீழே அப்பா வாடகைக் கார் பிடித்துவந்து நிற்கிறார். விடுதி உதவியாளர் ஒரு தாளோடு அறைக்கு வருகிறார்: மின்விசிறி, ரெகுலேட்டர், டியூப் லைட், கட்டில், பலகை, மேசை, நாற்காலி, அலமாரிப் பூட்டு, ஜன்னல் கண்ணாடி, கொசுவலை, சுவர். எதெதற்கு நேராகவோ டிக், எதெதற்கு நேராகவோ தொகை. அந்தத் தாள் அலுவலகம் போய்ச் சேர்ந்தால்தான் ‘நோ டியூஸ்’ கையெழுத்து. அது இருந்தால்தான் மாற்றுச் சான்றிதழ். காஷன் டெபாசிட்டில் கழித்ததுபோக மீதி பின்னால் வங்கிக் கணக்குக்கு வரும் என்பார்கள். கோபியிலிருந்தோ தாராபுரத்திலிருந்தோ வந்த பெற்றோர், “நாலு வருசம் லட்சக்கணக்குல கட்டியாச்சு, இந்த ரெண்டாயிரத்துக்கா நிக்கறது, விடுங்க கண்ணு” என்று பையனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். சேதக் கட்டணத்தின் நியாயம் சோதிக்கப்படாமலே போவதற்கு முதல் காரணம் இதுதான். தொகை சண்டை போடும் அளவுக்குப் பெரிதல்ல. நேரமோ கிளம்பும் நேரம்.

கல்லூரித் தரப்பிலும் உண்மை இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஹாஸ்டல் டே இரவில் குழாயை உடைப்பவர்கள் உண்டு. அறைக்குள் இண்டக்‌ஷன் அடுப்பு வைத்து மேசையைக் கருக்குபவர்கள் உண்டு. கதவில் பெயர் செதுக்கியவர், ஹோலிச் சாயத்தைப் படுக்கையோடு சேர்த்துச் சுவரிலும் அப்பியவர், பக்கெட் தண்ணீர் காய வைக்கும் ராடைத் தரையில் போட்டு டைல்ஸை வெடிக்கவிட்டவர் எல்லோரும் உண்டு. இவற்றுக்கு யாரும் பணம் கட்டாவிட்டால் செலவு அடுத்த ஆண்டு விடுதிக் கட்டணத்தில் ஏறும். உடைக்காதவர்கள்தான் அதைக் கட்டுவார்கள். உடைத்தவர் கட்டட்டும் என்ற கொள்கை நேர்மையானது. பிரச்சினை, உடைத்தது யார், எவ்வளவு உடைந்தது, அது உடைந்ததா இல்லை தேய்ந்ததா என்ற மூன்று கேள்விகளையும் கேட்காமலே தாளில் தொகை எழுதப்படுவதில் இருக்கிறது.

தேய்மானத்தை எடுத்துக்கொள்வோம். நிறுவனங்கள் சட்டம் 2013-ன் இரண்டாவது அட்டவணை, பொதுவான மரச்சாமான்களுக்கு 10 ஆண்டு ஆயுள் என்கிறது. பள்ளி, கல்லூரி, விடுதி போன்ற இடங்களில் பயன்படுபவற்றுக்கு 8 ஆண்டு. பலர் கைபடும் இடத்தில் சாமான் சீக்கிரம் தேயும் என்பதைக் கணக்காளர்களே ஏற்றுக்கொண்ட எண் இது. அறக்கட்டளைகளை அந்த அட்டவணை கட்டாயப்படுத்தாமல் இருக்கலாம், ஆனால் அளவுகோலாக அது போதும். 8,000 ரூபாய்க்கு வாங்கிய இரும்புக் கட்டில் ஆறு ஆண்டு உழைத்தபின் கால் வளைந்தால், அதன் மீதி மதிப்பு ஏறக்குறைய 2,000 ரூபாய். தாளில் புதுக் கட்டிலின் விலை எழுதப்பட்டால் மாணவர் கல்லூரிக்குப் புதுக் கட்டில் வாங்கித் தருகிறார் என்று அர்த்தம். வளைந்த கட்டிலை வெல்டிங் பட்டறையில் கொடுத்து நிமிர்த்தி ஜூனில் இன்னொரு மாணவருக்குப் போட்டுவிட்டால், அவரிடமும் அதே கட்டிலுக்குக் கழிக்க வாய்ப்பு உண்டு. பம்பாய் நெசவாளிக்குக் குறைந்தபட்சம் அந்தக் கெட்ட துணியாவது கையில் வந்தது. முழு விலை கட்டிய மாணவரிடம் கட்டிலைக் கொடுத்தனுப்பும் விடுதி எதையும் நான் பார்த்ததில்லை.

சுண்ணாம்பும் பெயின்ட்டும் இன்னும் தெளிவான விஷயம். தமிழ்நாட்டின் 2017-ம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் அட்டவணை, சுவருக்கு வெள்ளையடிப்பதையும் கதவு ஜன்னலுக்கு வர்ணம் பூசுவதையும் வீட்டு உரிமையாளர் கணக்கில் வைக்கிறது. ஸ்விட்ச், குழாய் வாஷர், பூட்டு, ஜன்னல் கண்ணாடி ஆகியவை குடியிருப்பவர் கணக்கில். அந்தச் சட்டம் வீட்டு வாடகைக்காக எழுதப்பட்டது. கல்லூரி விடுதியை அது கட்டுப்படுத்துகிறது என்று நான் வாதிடவில்லை. ஆனால் விடுதியும் ஒரு குடியிருப்புத்தான் என்று சென்னை உயர்நீதிமன்றமே 2024 மார்ச்சில், விடுதிகளுக்கு ஜி.எஸ்.டி. உண்டா என்ற வழக்கில் சொல்லியிருக்கிறது. குடியிருப்பென்றால் நாலு பேர் வசித்த சுவரில் தலையணை உரசிய கறையும், நாட்காட்டி தொங்கிய ஆணித் துளையும் இருக்கத்தான் செய்யும். ஒவ்வொரு ஆண்டும் வெளியேறும் ஒவ்வொருவரிடமும் ‘பெயின்டிங்’ என்று ஆயிரம் ரூபாய் வாங்கினால், அதைச் சேதம் என்ற தலைப்பில் எழுதக் கூடாது. அது பராமரிப்புக் கட்டணம். சேரும்போதே சொல்லி வாங்க வேண்டியது.

ஜன்னல் கண்ணாடியைச் சட்டம் குடியிருப்பவர் தலையில் வைத்திருப்பது எனக்கு எதிரான சான்றாகத் தெரியலாம். கொங்கு நாட்டில் அந்தக் கண்ணாடி எப்படி உடைகிறது என்று கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கும் காற்று பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகளைச் சுற்ற வைக்கும் காற்று. எட்டிமடை தொடங்கிக் கிழக்கே இருக்கும் வளாகங்களில் ஜன்னல் கதவைத் திறந்து கொக்கி மாட்டாமல் விட்டால் ஒரே அடி. கொக்கி மாட்டலாம் என்று பார்த்தால், கொக்கியின் வளையம் ஆணியோடு பிடுங்கி வந்திருக்கும். அந்த இடத்தில் ஒரு துண்டு சணல் கயிறு கட்டியிருக்கும். அந்தக் கயிறு முந்தைய செட் அண்ணன்கள் கட்டியது. ஜூலையில் கயிறு அறுந்து கண்ணாடி சிதறினால் மே மாதத் தாளில் ‘ஜன்னல் கண்ணாடி 1’ என்று வரும்; கொக்கியைப் பற்றி எந்தத் தாளிலும் எழுத்து இல்லை. வீட்டில் குடியிருப்பவர் தச்சரைக் கூப்பிட்டு மறுநாளே கொக்கி போட்டுக்கொள்வார். விடுதி மாணவர் பராமரிப்பு நோட்டில் எழுதிவிட்டுக் காத்திருக்க மட்டுமே முடியும். பழுதுபார்க்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ, பழுதுபார்க்காததன் பொறுப்பும் அவரிடம்தான் இருக்க வேண்டும்.

தண்ணீரும் இதே கதை. சிறுவாணித் தண்ணீர் போகாத வளாகங்கள் ஆழ்துளைக் கிணற்றை நம்பியிருக்கின்றன. பெருந்துறை, அவிநாசி, திருச்செங்கோடு சுற்றுவட்டாரத்தில் உப்புத் தண்ணி குழாய்க்குள் வெள்ளையாகப் படிந்து, கீசரின் சூடேற்றும் கம்பியைச் சுண்ணாம்புக் கட்டியாக்கிவிடும். திருகு இறுகிப்போன குழாயைக் கொஞ்சம் பலமாகத் திருப்பியவர் கையோடு கைப்பிடி வந்துவிட்டால், உடைத்தவர் என்று அவர் பெயரைத்தான் எழுதுவார்கள்.

சட்டத்தின் மொழியில் சொல்வதானால், ஒப்பந்தச் சட்டம் 1872-ன் 74-ம் பிரிவு இங்கே பொருந்துகிறது. ஒப்பந்தத்தில் முன்கூட்டியே ஒரு தொகை குறித்திருந்தாலும், நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். குறித்த தொகை அதற்கு உச்சவரம்பு மட்டுமே. 1963-ல் ஃபதே சந்த் வழக்கிலும், 2015-ல் கைலாஷ் நாத் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. இழப்பு ஏற்பட்டிருக்க வேண்டும். நிரூபிக்கக்கூடிய இழப்பென்றால் நிரூபித்தாக வேண்டும். வைப்புத்தொகை கையில் இருக்கிறது என்பதற்காக அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. இதோடு இன்னொன்று: பொறியியல் முதலாண்டில் சேரும்போது பலருக்கு 17 வயதுதான். மைனர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்பது 1903-லிருந்து நிலைத்த சட்டம். விடுதிப் படிவத்தில் பெற்றோர் கையெழுத்து கேட்பதன் காரணம் அதுதான்.

மிக மோசமான வடிவம் பொது அபராதம். மாணவர்கள் ‘காமன் ஃபைன்’ என்பார்கள். மூன்றாவது மாடிக் குளியலறையில் கண்ணாடி உடைந்தது. யார் என்று தெரியவில்லை. மாடியில் இருக்கும் அறுபது பேருக்கும் தலைக்கு இவ்வளவு. உடைத்தவர் பெயர் வெளியே வந்துவிடும் என்பது நிர்வாகத்தின் எதிர்பார்ப்பு. வரலாற்றில் இதற்கு முன்மாதிரி இருக்கிறது, அது பெருமைப்படத்தக்கதல்ல. 1861-ம் ஆண்டு காவல் சட்டம், கலவரம் நடந்த பகுதியில் கூடுதல் போலீஸை நிறுத்தி அதன் செலவை ஊர்மக்கள் தலையில் போட வழிசெய்தது. 1942-ல், சூலூர் விமானத் தளம் எரிக்கப்பட்ட அதே ஆண்டில், வெள்ளை அரசு கூட்டு அபராத அவசரச் சட்டமே கொண்டுவந்தது. ஆளைப் பிடிக்க முடியாத அரசு ஊரைப் பிடிக்கும் முறை அது.

சுதந்திர இந்தியாவின் சட்டத்திலும் கூட்டு அபராதம் ஓரிடத்தில் இருக்கிறது. தீண்டாமைக்கு எதிரான குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 10ஏ பிரிவு, குற்றத்துக்கு உடந்தையாகவோ குற்றவாளியை மறைப்பதாகவோ இருக்கும் ஊர்மக்கள் மீது கூட்டு அபராதம் போட மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. எவ்வளவு கொடிய குற்றத்துக்காக எழுதப்பட்ட பிரிவு என்று யோசியுங்கள். அதற்குக்கூட முதலில் விசாரணை வேண்டும். அவரவர் வசதிக்கேற்பத் தொகையைப் பிரிக்க வேண்டும். தனக்குச் சம்பந்தமில்லை என்று எவரும் மனுச் செய்யலாம். மனு முடியும்வரை அவரிடம் வசூலிக்கக் கூடாது. விலக்கு அளிக்க அரசுக்கு அதிகாரம் உண்டு. ஒரு குளியலறைக் கண்ணாடிக்காக அறுபது பேரிடம் பணம் பிடிக்கும் விடுதிச் சுற்றறிக்கையில் இவற்றில் ஒன்றும் கிடையாது. அந்த வாரம் ஊருக்குப் போயிருந்த மாணவியும் கட்ட வேண்டும், கல்விக் கடனில் படிக்கும் மாணவரும் கட்ட வேண்டும்.

அறைக்குள் நடந்ததற்கும் பொது இடத்தில் நடந்ததற்கும் நான் வேறுபாடு பார்க்கிறேன். மூன்று பேர் சாவி வைத்திருக்கும் அறையில் மேசை உடைந்தால், அவர்கள் மூவரும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று சொல்வதில் ஓரளவு நியாயம் உண்டு. அந்த மேசை அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. தாழ்வாரமும் குளியலறையும் யாரிடமும் ஒப்படைக்கப்படவில்லை. மில் சட்டத்தின் முதல் நிபந்தனையே அங்கு விழுந்துவிடுகிறது. அங்கே காவலுக்கு ஆள் போடுவதும் சேதத்தைத் தாங்குவதும் விடுதியை நடத்துபவரின் தொழில் செலவு.

நோ டியூஸ் கையெழுத்துக்குத் திரும்புவோம். சேதக் கட்டணத்தை யாரும் எதிர்ப்பதில்லை என்பதற்கு அதுவே பாதிக் காரணம். மாணவரின் அசல் சான்றிதழ்களைக் கல்வி நிறுவனம் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் அறிவித்தது; கட்டணத்தைத் திருப்பித் தரும் அட்டவணையிலிருந்து காஷன் டெபாசிட்டை விலக்கி, அது கட்டணமே இல்லை என்றும் அதே அறிவிப்பு தெளிவாக்கியது. கட்டணம் இல்லையென்றால் அது மாணவரின் பணம். கல்லூரியிடம் நம்பிக் கொடுத்திருப்பது. சான்றிதழ் சந்தையில் விலைபோகும் சரக்கல்ல, அதன்மேல் பிடிமானம் கோர முடியாது என்று சென்னை உயர்நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

பிடித்தம் தவறென்றால் எங்கே போவது? நுகர்வோர் மன்றத்தை நினைப்பவர்கள் சேலத்து வழக்கொன்றை நினைவில் வைக்க வேண்டும். விநாயகா மிஷன் பல்கலைக்கழகம் தொடர்பான மனு சோலங்கி வழக்கில், கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வரமாட்டா என்று தேசிய ஆணையம் 2020 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை விசாரணைக்கு ஏற்றது. படுக்கையும் சோறும் கல்வியா, சேவையா என்ற கேள்வியைத் தனியே பிரித்துப் பார்த்திருக்கலாம் என்பது என் எண்ணம். இப்போதைக்கு நம்பத்தக்க வழி மானியக் குழுவின் 2023-ம் ஆண்டு மாணவர் குறைதீர்ப்பு விதிமுறைகள். புகார் வந்த 15 வேலைநாளில் குழு அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். அந்த விதிமுறைகளில் பலர் கவனிக்காத ஒரு வரி உண்டு. எந்தெந்தத் தலைப்பில் அபராதம், குறைந்தது எவ்வளவு, அதிகபட்சம் எவ்வளவு என்பதைச் சேர்க்கைக்கு முன் வெளியிடும் விவரக் கையேட்டிலேயே நிறுவனம் அச்சிட வேண்டும். மில் வாசலில் ஒட்டிய அபராத அறிவிப்பின் வாரிசு இது. கையேட்டில் இல்லாத தலைப்பில் பணம் பிடித்தால், எழுத்தில் கேட்க மாணவருக்கு முழு உரிமை இருக்கிறது.

அரசு நடத்தும் விடுதிகளின் நிலை வேறு. 2025 ஜூலையில் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் மாறிய ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளில் மாணவருக்குத் தங்குமிடமும் உணவும் இலவசம். அங்கே பிரச்சினை உடைந்ததற்கு யார் கட்டுவது என்பதல்ல, உடைந்ததை எப்போது சரிசெய்வார்கள் என்பது. அது தனிக் கட்டுரைக்குரியது.

வெளிநாட்டில் ஒரு முறை பார்க்கத் தகுந்தது. இங்கிலாந்தில் 2007 ஏப்ரல் முதல் வீட்டு உரிமையாளர் வாங்கும் முன்பணத்தை அங்கீகரிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டமொன்றில் பதிய வேண்டும். கழிக்க நினைத்தால், குடிவந்த அன்று எழுதிய பொருள் பட்டியலையும் படத்தையும் காட்டி உரிமையாளர்தான் நிரூபிக்க வேண்டும். குடிவந்த அன்றைய பட்டியல் இல்லையென்றால் வழக்கும் இல்லை. நம் விடுதிகளில் உள்ளே நுழையும் ஜூன் மாதத் தாள் இருப்பதே அபூர்வம். வெளியேறும் மே மாதத் தாள் மட்டும் இருக்கிறது. ஆரம்ப இருப்பே எழுதாத கணக்கு எந்தக் கோவை வியாபாரியிடமும் செல்லாது. இன்று ஒவ்வொரு மாணவர் கையிலும் கேமரா இருக்கிறது. சேரும் நாளில் உதவியாளரும் மாணவரும் சேர்ந்து அறையைப் பத்து நிமிடம் படம் பிடித்து, கட்டில் வாங்கிய ஆண்டையும் குறித்துக் கையெழுத்திட்டால், மே மாதத்துப் பூசல்களில் பெரும்பகுதி எழவே எழாது.

வட்டியும் கணக்கில் வர வேண்டும். மின்வாரியத்திடம் நாம் கட்டும் வைப்புத்தொகைக்கு மின்சாரச் சட்டப்படி வட்டி உண்டு. ஆண்டுதோறும் பில்லில் கழித்துக்கொள்கிறார்கள். 2,000 பேர் தங்கும் விடுதியில் தலைக்கு 5,000 ரூபாய் காஷன் டெபாசிட் என்றால் ஒரு கோடி ரூபாய். ஆண்டுக்கு 6 விழுக்காடு போட்டாலும் 6 லட்சம். நாலு ஆண்டும் அந்த வட்டி கல்லூரிக்கே போகிறது. கொக்கி, வாஷர், ரெகுலேட்டர் என்று சில்லறைப் பழுதுகளை ஆண்டு முழுக்கப் பார்க்கத் தச்சருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் அந்தப் பணத்திலேயே சம்பளம் கொடுக்கலாம்.

நம் விடுதிகளுக்குப் பொதுக் கணக்கு புதிதல்ல. டிவைடிங் சிஸ்டத்தில் நடக்கும் மெஸ்களில், அரிசி எத்தனை மூட்டை, எண்ணெய் எவ்வளவு, கேஸ் செலவு என்ன, அதை எத்தனை பேருக்கு வகுத்தார்கள், ஒரு நாளைக்கு எவ்வளவு விழுந்தது என்று மாதாமாதம் பலகையில் ஒட்டுகிறார்கள். மாணவர்கள் நின்று படிக்கிறார்கள், மெஸ் கமிட்டியில் கேள்வி கேட்கிறார்கள். சேதக் கட்டணமாக இந்த ஆண்டு எவ்வளவு பிடித்தோம், எந்தெந்த அறையில் எதற்கு, அதில் எதெதைப் பழுதுபார்த்தோம், மீதி எங்கே இருக்கிறது என்ற தாளையும் அதே பலகையில் ஒட்டலாம். அதைக் கேட்கும் தீர்மானத்தை மெஸ் கமிட்டியின் அடுத்த கூட்டத்திலேயே கொண்டுவர முடியும்.